சேலை நீளத்துக்கு விளையாட்டு

என் மகளை நான் கட்டிப்போட்டுத்தான் வளர்த்தேன். எழுதும்போதே கூசுகிறது. பழைய பருத்திச் சேலையை நீளவாக்கில் கிழித்து, ஒரு நுனியை அவள் இடுப்பில் சுற்றி முடிந்து, மறு நுனியைக் கட்டில் காலில் கட்டிவிடுவேன். சேலை போகிற தூரத்துக்கு அவள் தவழலாம். அதற்கு மேல் போனால் சேலை இழுக்கும், அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.

தாயில்பட்டியில் எங்கள் தெருவில் இதை யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். வீட்டுக்கு வீடு குழாய் சுற்றுகிறோம். வெடிக்குக் கூடாக இருக்கிற காகிதக் குழாய். வெடிமருந்து அடைக்கிற வேலையெல்லாம் கம்பெனியில்தான். எங்கள் வீட்டுக்கு வருவது வெறும் காகிதக் கட்டு. காகிதத் துண்டில் பசை தடவி, கம்பியில் சுற்றி, உருவிப் போட்டால் குழாய். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து செய்கிற வேலை. பக்கத்தில் பசைச் சட்டி இருக்கும்.

அந்தப் பசையில்தான் வினை. மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் கொஞ்சம் போடுவோம். நீலமாகக் கல்கண்டு போல இருக்கும், தண்ணீரில் கரைத்து ஊற்றுவோம். அதைப் போடாவிட்டால் மைதா வாசத்துக்குக் கரப்பானும் எலியும் வந்து குழாயைக் கடித்துப் போட்டுவிடும், பசையும் புளித்துப் போகும். ஆனால் வயிற்றுக்குள் போனால் துத்தம் விஷம். தவழுகிற பிள்ளைக்கும் பசைச் சட்டிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எங்கள் தெருவில் ஒரு பழைய சேலைதான் இருக்கிறது.

நான் பிறந்தது காரியாபட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் பருத்தியும் சோளமும் போடுவார்கள். கட்டிக்கொடுத்து இங்கே வந்த புதிதில், பக்கத்து வீட்டு மதினி தன் பையனைக் கட்டில் காலில் கட்டிப்போட்டுவிட்டுக் குழாய் சுற்றுவதைப் பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "என்ன மதினி, கன்னுக்குட்டியக் கட்டுற மாதிரி கட்டிருக்கீக" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். மதினி கோபப்படவில்லை. கம்பியில் சுற்றிக்கொண்டிருந்த காகிதத்தை முடித்துவிட்டு, "ஒனக்கும் ஒண்ணு பெறக்கட்டும் தாயி, அப்பப் பாப்போம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறந்தது. மகள் தவழ ஆரம்பித்த மாதத்தில் நானே அந்த மதினியிடம் போய் எப்படி முடிச்சுப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். இடுப்பில் இறுக்கக் கூடாது, உருவிக்கொள்ளவும் விடக் கூடாது, முடிச்சு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். மதினி எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், கன்றுக்குட்டிப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சேலைக்கு என் மகள் அழுததே கிடையாது. அதுதான் எனக்குத் தாங்காது. காலையில் அவள் அப்பா எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பியதும் நான் சேலையை எடுப்பேன். அவள் தவழ்ந்து வந்து, என் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்வாள். சட்டை போட்டுவிடும்போது தூக்குவாளே, அதே போல. நானும் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு ஒரு முத்தமும் கொடுப்பேன். வேலையை விட்டுவிடலாமே என்று என் பிறந்த வீட்டில் கேட்டார்கள். அவர் சம்பளத்தை மட்டும் வைத்து ஓட்ட முடியாது, வேறு வேலைக்குப் போனால் பிள்ளையை வைத்துக்கொள்ளவும் ஆள் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது.

அவளுக்கு ஒரு வயது முடிந்த சமயத்தில் அங்கன்வாடி டீச்சர் வீடு தேடி வந்தார். அதற்கு முன்னால் சத்துமாவு வாங்க நான்தான் அங்கே போவேன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பொட்டு வைத்து, பவுடர் போட்டு. அன்றைக்கு அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றார். எனக்கு எழுந்திருக்கக்கூட நேரமில்லை. இரண்டு கையிலும் பசை. மகள் கட்டில் ஓரம் சேலையோடு உட்கார்ந்து, ஒரு காய்ந்த குழாயை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதலில் குழந்தையின் வாயிலிருந்து குழாயை மெதுவாக எடுத்தார். அழப்போன பிள்ளையின் கையில் தன் கைப்பையின் வாரைக் கொடுத்தார். சேலையைப் பார்த்தார், அது போய்க் கட்டில் காலில் முடிகிற இடத்தையும் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. "இப்பத்தான் டீச்சர், ஒரு நிமிசம் கட்டுனேன்" என்றேன். காலையிலிருந்து அவளைக் கட்டித்தான் போட்டிருந்தேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். நம்பிய மாதிரி தலையாட்டினார் பாருங்கள், அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவர் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குக் கைதான் கண்ணும் மூளையும், எதையாவது பிடிக்கணும், உருட்டணும், தட்டணும், பிசையணும் என்றார். கடையில் எதுவும் வாங்க வேண்டாம், அடுப்படியில் இருக்கிறதே போதும் என்று சொல்லி, என் அடுப்படிக்கே போய்ப் பாத்திரங்களை எடுத்து வந்து போட்டார். ஒன்றுக்குள் ஒன்று போகிற மூன்று டம்ளர். ஒரு மரக்கரண்டி, கவிழ்த்துப் போட்ட ஒரு சட்டி. மூடியில்லாத டப்பாவுக்குள் கிழிந்த துணிகளைத் திணித்துக் கொடுத்தார், இழுத்து இழுத்து வெளியே எடுக்கட்டும் என்று. அகலமான தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அளையவிடலாம், ஆனால் நாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்றார். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி கோதுமை மாவைப் பிசைந்து கொடுக்கலாம், வாயில் வைத்தாலும் ஒன்றும் செய்யாது என்றார். புளியங்கொட்டை, கடலை, பட்டன், இந்தக் குழாய், வாய்க்குள் போகிற எதுவும் கூடாது.

"புதுசா ஒண்ணு செஞ்சா கை தட்டுங்க. அதுதான் அதுக்குப் பரிசு" என்றார். அப்போதுதான் என் மகள் ஒரு டம்ளரை இன்னொரு டம்ளருக்குள் போட்டாள். டீச்சர் கை தட்டினார். மகள் திடுக்கிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். இருந்தது நாலு பல்தான்.

போகும்போது வாசலில் நின்று மெதுவாக ஒன்று சொன்னார். "பசை வேலையையும் பாப்பா வெளையாட்டையும் ஒண்ணாச் சேக்காதீக. சட்டிய மேல தூக்கி வச்சுட்டுக் கட்டை அவுத்து விடுங்க." நான் சரி டீச்சர், சரி டீச்சர் என்று சொன்னேன். எனக்கு அவர் எப்போது போவார் என்று இருந்தது.

அவர் போன பிறகு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவள் யார் என் வீட்டு அடுப்படிக்குள் போக, இவள் பிள்ளையை எந்த மகராசி பார்த்துக்கொண்டாளோ, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவளுக்கு என்ன தெரியும் என்று மதினியிடம் போய்க் கொட்டினேன். மதினி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவ ஒண்ணும் தப்பாச் சொல்லலையே" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

வந்து சேலையை அவிழ்த்தேன்.

அந்த வாரங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. பிள்ளை தூங்கும்போது மட்டும் குழாய் சுற்றுவது, விழித்துவிட்டால் சட்டியைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். துணி டப்பாதான் அவளுக்கு உயிர். ஒவ்வொரு துணியாக இழுத்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்ப்பாள். நான் கை தட்டினால்தான் அடுத்த துணி. தட்ட மறந்துவிட்டால் தானே தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி ஞாபகப்படுத்துவாள். தண்ணீர்த் தட்டில் இரண்டு கையாலும் அறைந்து, என் முகத்தில் தெறித்தால் அதற்கும் கைதட்டு வேண்டும். அவள் அப்பா வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிடுவார். கொல்லைப்புறம் போய், நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளி நிற மருந்துத்தூள் போகிற வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேறு கைலி கட்டிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவார். எம்புட்டு அலுப்பாக இருந்தாலும் அதில் மாற்றம் கிடையாது. அன்றன்றைக்கு அவள் கற்றுக்கொண்டதை நான் அவருக்குச் செய்து காட்டச் சொல்வேன், அவரும் கை தட்டுவார்.

அப்புறம் மாவு.

டீச்சர் கோதுமை மாவு என்றுதான் சொன்னார். எங்கள் வீட்டில் கோதுமை மாவு என்றைக்காவதுதான் இருக்கும். மைதா எப்போதும் இருக்கும், மூட்டையாக மூலையில் இருக்கும், பசைக்கென்று. மாவு மாவுதானே என்று அந்த மூட்டையிலிருந்தே ஒரு கை அள்ளினேன். துத்தம் எல்லாம் அதில் கிடையாது, காய்ச்சும்போதுதானே போடுகிறோம். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது, கெட்டியாக வராமல் கொழகொழவென்று வந்தது. இருந்தால் என்ன என்று ஒரு அலுமினியக் கிண்ணத்தில் போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

அவள் விரலை விட்டாள். எடுத்தாள். விரலோடு இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தாள். இன்னொரு கையையும் விட்டாள். வயிற்றில் பூசிக்கொண்டாள், தரையில் பூசினாள், என் கன்னத்தில் பூசினாள். வாயிலும் கொஞ்சம் வைத்தாள், நான் பயப்படவில்லை, கை தட்டினேன். அன்றிலிருந்து அலுமினியப் பாத்திரச் சத்தம் கேட்டாலே தவழ்ந்து வந்துவிடுவாள். தினமும் கொடுத்தேன். இதில் என்ன தப்பு நடக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. வேலைக்கென்று நான் காய்ச்சுகிற பசையும் அதே மைதா, அதே கொழகொழப்பு, அதே அலுமினியச் சட்டி. எது அவள் மாவு, எது என் மாவு என்று ஒரு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? குழாய் சுற்றுகிற வீட்டில் பிள்ளைக்குப் பசையைக் கொடுத்து, தின்னத் தின்னக் கை தட்டிப் பழக்கினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தீபாவளி சீசன் நெருங்கியது. குழாய் வாங்கிப்போகிற ஏஜென்ட், லோடு ஏற்ற வேண்டும், இன்னும் முடியவில்லையா என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போவார். பிள்ளையும் பகலில் தூங்குவதைக் குறைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் துணி டப்பாவோடு இருந்தாள், நல்லாத்தானே விளையாடுகிறாள் என்று சட்டியைக் கீழே இறக்கினேன். கட்டவில்லை. கட்டுவது தப்பு என்றுதான் இப்போது எனக்குத் தெரியுமே. காய்ந்த குழாய்களைக் கூடையில் அள்ளிக் கொல்லைப்புறம் வெயிலில் கொட்டிவிட்டு வரலாம் என்று போனேன். போய்க் கொட்டிப் பரப்பிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

வந்து பார்த்தால் அவள் பசைச் சட்டிக்கு முன்னால் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் பசை. வாயைச் சுற்றிப் பசை. நாக்கில் பசை, லேசான பச்சை நிறத்தில். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கைதட்டு கேட்டாள்.

நான் போட்ட கூச்சலில் மதினி ஓடி வந்தாள். அவள்தான் ஆட்டோ பிடித்தாள். போகிற வழியிலேயே பிள்ளை வாந்தி எடுத்தாள், என் மடியெல்லாம் பச்சையாக. சிவகாசியில் ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது எனக்குச் செருப்புகூட இல்லை. டாக்டர் இளம் வயதுப் பெண். பிள்ளையை வாங்கிப் படுக்கையில் கிடத்திக்கொண்டே என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

இந்த இடத்தைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் "மைதா மாவு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? துத்தம் என்று சொன்னால் அது எப்படிப் பிள்ளை கைக்கு வந்தது என்று கேட்பார்கள். நீ எங்கே போனாய் என்று கேட்பார்கள். அந்த நேரத்தில், என் பிள்ளை வாயில் நுரையோடு கிடக்கிற நேரத்தில், எனக்கு என் மானம் முன்னால் வந்து நின்றது. டாக்டர், வெறும் மைதாவா, வேறு எதுவும் கலக்கவில்லையா என்று திரும்பக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மதினி, "துத்தம் போட்டுக் காச்சுன பசைங்க டாக்டர். குழாய் ஒட்டுறது" என்றாள். உடனே அங்கே எல்லாம் வேகமானது. ஊசி, குழாய், ரத்தம் எடுப்பது. என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றேன். மதினி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கையை நான் திரும்பப் பிடிக்கவில்லை, பிடிக்க எனக்கு யோக்கியதை இருந்ததாகத் தோன்றவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். உள்ளே போனது கொஞ்சம்தான், அதிலும் பாதி வாந்தியில் போய்விட்டது என்றார்கள். அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அப்பா வேலையிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தார். உடம்பெல்லாம் மருந்துத்தூள். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினவர், தன் கையைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு வந்து வாங்கிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. "சட்டிய எங்கன வச்சிருந்த?" என்று மட்டும் கேட்டார். கீழே என்றேன். தினம் தினம் மருந்துக்குள் நின்று வேலை செய்கிறவர், அதில் ஒரு துளியைக்கூட வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. நான்தான் உட்கார்ந்த இடத்தில் விஷத்தைக் காய்ச்சி, அதைத் தின்னவும் பழக்கிக் கொடுத்தேன்.

சேதி கேட்டு அங்கன்வாடி டீச்சர் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். மதினியும் இருந்தாள். டீச்சர் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு எப்படி இருக்கிறாள் என்று கேட்டதுதான் தாமதம், எனக்கு வாயில் சனி. "நீங்க சொல்லித்தான டீச்சர் மாவு குடுத்தேன், நீங்க சொல்லித்தான அவுத்து விட்டேன்" என்று ஆரம்பித்தேன். கட்டிப்போட்டிருந்தவரைக்கும் என் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை, உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆனது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினேன். அவர் கோதுமை மாவு என்று சொன்னதும், சட்டியை மேலே தூக்கி வைக்கச் சொன்னதும் எனக்கு அப்போதும் நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் பேசினேன். டீச்சருக்குக் கண் கலங்கியது. பழத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "பாப்பாவப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் மதினி என்னைப் பார்த்த பார்வையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் சேலையைத் திரும்ப எடுத்தேன். பிள்ளை தவழ்ந்து வந்து, உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கினாள். இத்தனை நாள் அவிழ்த்து விட்டிருந்ததை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை, கட்டியதும் அவள் துணி டப்பாவைக் கை காட்டினாள். டப்பாவையும் டம்ளர்களையும் மரக்கரண்டியையும் சேலை எட்டுகிற தூரத்துக்குள் வைத்தேன். மாவுக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பசை காய்ச்சுகிற சட்டியின் சத்தம் கேட்டால் மட்டும் அவள் விளையாட்டை விட்டுவிட்டு, சேலை இழுக்கிற இடம் வரைக்கும் வந்து, கையை நீட்டுவாள். நான் திரும்பி உட்கார்ந்து சுற்றுவேன்.

அவள் நடக்க ஆரம்பித்தாள், அதுவும் சேலையோடுதான். அங்கன்வாடிக்கு நான் போகவில்லை. சத்துமாவை மதினியிடம் சொல்லி வாங்கிக்கொண்டேன். தெருவில் டீச்சரின் சேலைத் தலைப்புத் தெரிந்தால் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு தடவை அவர் வெளியே நின்று கூப்பிட்டபோது, பாப்பா தூங்குகிறாள் என்று உள்ளேயிருந்தே சொன்னேன். உள்ளே பாப்பா டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே கேட்காமலா இருந்திருக்கும்.

தீபாவளி முடிந்து வேலை குறைந்த சமயத்தில் அவர் மறுபடி வந்தார். அவர் வருகிறார் என்று மதினி சத்தம் கொடுத்தாள், வேண்டுமென்றே கொடுத்தாள் என்று நினைக்கிறேன். கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். சாத்த வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்து, சேலையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பசைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், இருங்க" என்றேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீ போடட்டுமா என்றுதான் கேட்டேன். அவரும் ஒன்றும் நடக்காதது போலவே தரையில் உட்கார்ந்தார். இப்போது ஒன்றரை வயதாகிறதே, நல்லா விளையாடுகிறாளா என்றார். இப்போதெல்லாம் கட்டுவதில்லை டீச்சர் என்று நானாகவே சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

என் மகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து தத்தித் தத்திப் போய், கோயில் திருவிழாவில் அவள் அப்பா வாங்கி வந்த பிளாஸ்டிக் பொம்மையைத் தூக்கி வந்தாள். அதைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தாள். காலி டம்ளரில் கரண்டியை விட்டு எடுத்து, பொம்மையின் வாயில் வைத்து, தானும் வாயைத் திறந்து மூடினாள். டீச்சர் முகம் மலர்ந்துபோயிற்று. பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறது என்றால் மனசுக்குள் அம்மாவாகிவிட்டது என்று அர்த்தம், நாம் செய்கிறதைப் பார்த்துத் தானே செய்கிறது, நல்லா வளர்த்திருக்கிறீர்கள் என்றார். கை தட்டினார். நானும் தட்டினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இவ்வளவு பேசின பிறகும் இந்த மனுஷி வந்து என் பிள்ளைக்குக் கை தட்டுகிறாளே, இப்போதாவது கேட்டுவிடுவோம், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன்.

மகள் கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். நான் ஒளித்து வைத்த சேலையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பொம்மையின் இரண்டு கையையும் பிடித்து மேலே தூக்கினாள். சேலை நுனியை அதன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, முதுகுப் பக்கம் கையை வைத்து அமுக்கினாள். முடிச்சுப் போடத் தெரியாது, அமுக்கத்தான் தெரியும். மறு நுனியை எடுத்துப்போய்க் கட்டில் காலில் வைத்து அமுக்கினாள். திரும்பி வந்து பொம்மைக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அப்புறம் நான் குழாய் சுற்றுகிற இடத்துக்குப் போய், பொம்மைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ஒரு காகிதத் துண்டைக் கையில் வைத்து உருட்டினாள்.

டீச்சரின் கை மடியில் அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். புதிதாக ஒன்று செய்திருக்கிறாள் அல்லவா. நான் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு, ஞாபகப்படுத்துவது போல உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினாள்.

நான் கை தட்டினேன்.